ஒரு சத்தம் வருது, கேக்குதா?

எங்கள் ஊரை வரைபடத்தில் திருப்பாதிரிப்புலியூர் என்று போட்டிருக்கும். வாயில் திருப்பாப்புலியூர்தான். எங்கள் தெருவில் பழைய யெஸ்டி மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் யெஸ்டிக்காரருக்கும் அப்படித்தான். ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கிறதாம். இதுவரை யாருக்கும் அது தேவைப்படவில்லை. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்.

வண்டி என்பது ஓட்டத்தான் என்று நம்புகிறவர்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. கழற்றத்தான் வண்டி. கழற்றியதை ஒழுங்காக மாட்டினோமா என்று பார்க்க சில்வர் பீச் வரை ஒரு தரம் போய் வருவார். அங்கே உப்புக் காற்றும் மணலும் ஆயில் சீலில் ஏறும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை கிடைத்துவிடும்.

கடலூர்க்காரர்கள் காலத்தைப் புயலாலும் வெள்ளத்தாலும் அளப்பவர்கள். ‘தானே’ புயலுக்கு முந்தி, 2015 வெள்ளத்துக்குப் பிந்தி என்போம். அவருடைய பஞ்சாங்கம் வேறு. “பையன் கல்யாணமா? பின் சக்கரத்துக்கு ரெண்டாந்தடவ பேரிங் மாத்துனேனே, அதுக்கு அடுத்த மாசம்.” அந்த 2015 மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். நாங்கள் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினோம். அவர் வண்டியைத் திண்ணையில் ஏற்றினார். “அரிசி நனைஞ்சா காய வச்சுக்கலாம் சார். ஹப்புக்குள்ள தண்ணி பூந்தா?”

அவரிடம் மாட்டிக்கொள்ள ஒரு கேள்வி போதும். வண்டியைச் சும்மா உருட்டிக்கொண்டே, “முன் சக்கரத்துல ஒரு சத்தம் வருது, கேக்குதா?” என்பார். எனக்கு ஒன்றும் கேட்காது. கேட்கவில்லை என்று சொன்னால் கேட்கிறவரை உருட்டுவார். கேட்கிறது என்று சொன்னால் எந்தப் பக்கம் என்று கேட்பார். வைகாசியில் பாடலீஸ்வரர் தேர் வரும்போது ஊரே நிமிர்ந்து சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இவர் குனிந்து அச்சைப் பார்ப்பார். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலையில் இரும்புச் சக்கரம் செய்த கதையைப் பக்கத்தில் நிற்பவர் வடம் பிடிக்கிற சாக்கில் தப்பி ஓடும்வரை சொல்வார்.

மைசூரில் யெஸ்டி தயாரிப்பு 1996இல் நின்றுபோயிற்று. “கல்லக் கட்டிக் கடல்ல போட்டாங்க, அப்பர் நம்மூர்லதான கரையேறினாரு? இதுவும் அப்படித்தான்” என்பார், டேங்கைத் தட்டியபடி. 2022இல் அதே பெயரில் புது வண்டி வந்ததைச் சொன்னால் காது கேட்காதவர்போல இருந்துவிடுவார். அந்தக் காதுக்கு அது ஒன்றுதான் கேட்காது.

உதிரிபாகக் கடையில் அவரைக் கண்டாலே முதலாளிக்கு உள்ளே வேலை வந்துவிடும். ஒருமுறை புதிதாகச் சேர்ந்த பையன், “6203 பேரிங் போதுமா சார்?” என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டான். “தம்பி, கடைசி ரெண்டு நம்பர்தான் உள் துளை. 00 போட்டா 10 மில்லி, 01க்கு 12, 02க்கு 15, 03க்கு 17. 04லேர்ந்து அஞ்சால பெருக்கு. எங்க, சொல்லு.” பையன் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்த பிறகுதான் பணம் கைமாறியது. அதற்குள், 1943இல் அமெரிக்க விமானங்கள் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் பேரிங் தொழிற்சாலைகளைத் தேடிப்போய்க் குண்டு போட்டதையும் அவன் தெரிந்துகொண்டான். “துப்பாக்கிய நிறுத்த முடியாது தம்பி. பேரிங்க நிறுத்து, எல்லாம் நிக்கும்.” (நின்றுவிடவில்லை, போர் 1945 வரை நடந்தது. அதை நான் அவரிடம் சொன்னதில்லை.)

சனிக்கிழமை ராத்திரியே புது பேரிங் பாலிதீன் உறையில் ஃப்ரீசருக்குப் போய்விடும், துருவிய தேங்காய்க்குப் பக்கத்தில். குளிரில் அது ஒரு மயிரிழை சுருங்குமாம். காலையில் ஹப் மேல் கொதிக்கும் தண்ணீர். அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும்; பழைய பேரிங் பிடி தளரும். உள்ளே கம்பியை விட்டு, ஸ்பேசரை ஓரம் தள்ளி, மாற்றி மாற்றித் தட்டி எடுப்பார். புதியதை ஏற்றுவதுதான் பூஜை. வெளி வளையத்தில் மட்டும்தான் அடி விழ வேண்டும். உள் வளையத்தில் பட்டால் குண்டுகள் தடம் பதித்துவிடும். பழைய பேரிங்கையே மேலே வைத்துத் தட்டுவார். டொக், டொக், டொக். தெருவே மூச்சைப் பிடித்திருக்க வேண்டும். பேரிங் அடியில் போய் உட்காரும் கணத்தில் சத்தம் மாறும்: டங். கண்ணை மூடிக்கொள்வார். கச்சேரியில் சிலர் மூடுவார்களே, அந்த மாதிரி.

போன மாதம் டங் கேட்டு, இரண்டு பக்கமும் சீல் அடித்து, கிரீஸ் வழித்து, சக்கரத்தை மாட்டி, ஆக்சில் நட்டையும் முறுக்கிவிட்டார். அவர் மனைவி காபியோடு வந்தவர், விரித்திருந்த தினத்தந்திக்கு அடியிலிருந்து ஒரு இரும்புக் குழாயை எடுத்தார்.

“இது உங்க சாமானா, என் அடுப்படிச் சாமானா?”

ஸ்பேசர். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் இருந்து முறுக்கின் அழுத்தத்தைத் தாங்க வேண்டியது. அது இல்லாமல் நட்டை முறுக்கினால் உள் வளையங்கள் ஒன்றை நோக்கி ஒன்று இழுபட்டு, பேரிங் சீக்கிரமே போய்விடும். நான் அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டேன். பார்த்தால், தீபாவளிக்கு இரண்டாவது வேட்டி கிடைத்த குழந்தை முகம்.

“திரும்பக் கழட்டணும் சார்” என்றார். “தட்டி எடுத்த பேரிங்கத் திரும்பப் போடக் கூடாது. நாளைக்குக் கடைக்குப் போகணும்.”

அப்படி எடுத்த பேரிங் எல்லாம் தெருப் பையன்களுக்கு. பலகையின் அடியில் நாலு பேரிங்கைச் செருகி, கயிறு கட்டி, பேரிங் வண்டி செய்துவிட்டார்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத சக்கரங்கள். கடலூர் மாவட்டத்திலேயே வழவழப்பான வண்டி அதுவாகத்தான் இருக்கும். நேற்று மத்தியானம், தெரு சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், கரகரவென்று சிமெண்ட் ரோட்டில் போய் வந்தது. நான் திட்ட எழுந்தேன். அதற்குள் எதிர்த் திண்ணையில் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார், தலையைச் சாய்த்துக்கொண்டு.

“டேய், நிறுத்துங்கடா.”

பையன்கள் பயந்து நின்றார்கள்.

“இடது பக்கம் பின்னால ஒரு சத்தம் வருது. திருப்பிப் போடு வண்டிய. நீ போயி அம்மாகிட்ட கொஞ்சம் சுடுதண்ணி வாங்கிட்டு வா.”