புகையாருக்குப் படிக்கத் தெரியும்

பெறுநர்: உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள் மற்றும் மாண்புமிகு நகர்மன்றத்தார்

பொருள்: பேருந்து நிலையத்தில் புகையாருக்கு அளிக்கப்பட்டுவரும் மரியாதைக்கு நன்றி தெரிவித்தல் - தொடர்பாக

பார்வை: என் அம்மாவுக்கு வழங்கப்பட்ட நூறு ரூபாய் அபராத ரசீது

ஐயா,

என் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. இதுவரை அரசாங்கம் அவர் பெயரில் கொடுத்தவை ரேஷன் கார்டும் ஆதாரும்தான். போன செவ்வாய்க்கிழமை தங்கள் புண்ணியத்தில் மூன்றாவதாக ஒரு காகிதம் சேர்ந்தது. அதில் அவர் குற்றவாளி.

ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். தூணில் தாங்கள் மாட்டியிருக்கும் 'புகை பிடிக்காதீர்' பலகைக்குச் சரியாகக் கீழே நான்கு பேர் ஊதிக்கொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு இருமல் பிடித்தது. மூச்சு வாங்க, நடைமேடை ஓரம் போய்ச் சாக்கடையில் சளியைத் துப்பினார். துப்பிவிட்டு நிமிர்வதற்குள் ரசீதுப் புத்தகத்தோடு தங்கள் ஊழியர் வந்துவிட்டார். ஆம்புலன்ஸ்கூட அவ்வளவு வேகமாக வராது.

"பொது இடத்துல துப்பக் கூடாதும்மா, தெரியாதா?"

"சார், அங்க நாலு பேர் ஊதிட்டிருக்காங்களே?" என்றேன்.

"அது மன்றத்தோட பரிசீலனைல இருக்கு சார். தீர்மானம் வரட்டும். ஒத்துக்கலைன்னா பெரியம்மாவ வீட்டுலயே வெச்சிருக்கலாமே?"

அம்மா சுருக்குப்பையை அவிழ்த்து நூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தார். "தப்புதான் தம்பி, மன்னிச்சுக்க" என்றும் சொன்னார்.

அன்று இரவு முழுக்க யோசித்தேன். விடியும்போதுதான் தங்கள் நிர்வாக ஞானம் பிடிபட்டது. சளி எழுத்தறிவில்லாதது, விழுந்த இடத்திலேயே கிடக்கும், மாட்டிக்கொள்ளும். புகையார் அப்படியா? எழுதப் படிக்கத் தெரிந்தவர். மேலே எழும்புவார், பலகையைப் பார்ப்பார், எழுத்துக்கூட்டிப் படிப்பார், "அடடா, இங்கே கூடாதாமே" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டாம் நடைமேடைக்குப் போய்விடுவார். அறுபதுக்கு முப்பது சென்டிமீட்டரில் பலகை இருக்க வேண்டும் என்று விதி சொல்வதே, அவருக்குக் கண் வலிக்கக் கூடாது என்ற அக்கறையில்தான் போலிருக்கிறது.

புகையார் சட்டமும் படித்தவர். 2003-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் 'திறந்தவெளி பொது இடம் ஆகாது' என்று ஒரு வரி இருக்கிறது. அதை மனப்பாடமாகச் சொல்வார். 2008-இல் வந்த விதிகள், பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் அந்தத் திறந்தவெளிக் கணக்கில் வராது என்று சொல்லிவிட்டன. அந்தப் பக்கத்தை மட்டும் அவர் இன்னும் புரட்டவில்லை. நகர்மன்றமும் அதே பிரதியைத்தான் இரவல் வாங்கிப் படிக்கிறது என்று தெரிகிறது.

அளவையும் கற்றவர். பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் சிகரெட் விற்கக் கூடாது. நிலையத்துக்குப் பின்னால் பள்ளிச் சுவரில் முதுகு சாய்த்து நிற்கிறதே ஒரு பெட்டிக்கடை, அங்கே புகையார் கெஜக்கோலோடு காத்திருந்து, நூறாவது கெஜம் தாண்டிய பிறகுதான் பிள்ளைகளின் மூக்கில் நுழைகிறார். பொது இடத்தில் தீப்பெட்டி, லைட்டர் எதுவும் வைக்கக் கூடாது என்பதும் விதி. அதனால்தான் நிலையத்துக்குள்ளேயே இருக்கும் டீக்கடைத் தூணில் நாள் முழுக்கக் கங்கு அணையாமல் ஒரு கயிறு தொங்குகிறது. கயிறு லைட்டர் ஆகுமா? ஆகாது. புகையார் அகராதி பார்த்துச் சொன்னார்.

பரிசீலனை விஷயத்திலும் தங்களை அவசரப்படுத்த மாட்டேன். 1999-இல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பதைத் தடுத்தது. 2001-இல் உச்சநீதிமன்றம் நாடு முழுக்க உத்தரவு போட்டது. 2008 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் நாடு தழுவிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. உச்சநீதிமன்றம் உத்தரவு போட்ட அன்று பிறந்த பிள்ளை சட்டப்படி சிகரெட் வாங்கும் வயதைத் தாண்டி நிற்கிறது. தங்கள் பரிசீலனை இன்னும் தவழ்கிறது. பாவம், அதற்கும் மூச்சுத் திணறலோ என்னவோ.

இதற்கு நடுவில் 2002-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று உண்டு. புகைத்தல், துப்புதல் இரண்டையும் தடைசெய்யும் சட்டம். தலைப்பிலேயே இரண்டும் அண்ணன் தம்பியாக நிற்கின்றன. தம்பிக்கு ரசீதுப் புத்தகம் தயார். அண்ணனுக்குத் தீர்மானம் வர வேண்டும். நிறைவேறிய சட்டத்துக்கு மறுபடி தாலி கட்ட எந்த முகூர்த்தத்துக்குக் காத்திருக்கிறீர்கள்?

ஐயா, என் அம்மா ஆயுளில் ஒரு பீடியைக் கையால் தொட்டதில்லை. முப்பது வருஷம் அப்பாவின் பீடிப் புகைக்குள் சமைத்தார், தூங்கினார், எங்களை வளர்த்தார். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். புகை அம்மாவிடம் தங்கிவிட்டது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "அம்மாவுக்குப் பீடிப் பழக்கம் உண்டா?" என்று கேட்டபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அடுத்தபடியாக அவர் தலை குனிந்தது உங்கள் பேருந்து நிலையத்தில். எவனோ விட்ட புகைக்கு இருமினார். இருமியதற்குப் பணம் கட்டினார். கட்டிவிட்டு மன்னிப்பும் கேட்டார். அந்த நூறு ரூபாயை வாங்கிப் பெட்டியில் போட உங்களுக்குக் கை கூசவில்லையா?

பொறுத்தருள்க. புகையார் பக்கத்தில் இருந்தால் எனக்குக் கண் எரியும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். தங்கள் ஊழியர் நகர்ந்ததும், அந்த நால்வரில் மூட்டை தூக்குபவர் ஒருவர் பாதி பீடியைக் காலில் போட்டு நசுக்கிவிட்டு அருகே வந்தார். "மன்னிச்சுக்கம்மா, கவனிக்கல" என்றார். அவருக்கு மன்றத் தீர்மானம் தேவைப்படவில்லை. தாங்கள் பார்த்து அவருக்கு ஒரு குறிப்பாணை அனுப்பலாம். இப்படி ஆளாளுக்கு முடிவெடுத்தால் பரிசீலனை என்ன ஆவது?

கடைசியாக ஒரு சிறு பாக்கி. புகார் சொல்லியும் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தின் பொறுப்பாளரே குற்றங்களின் எண்ணிக்கைப்படி அபராதம் கட்ட வேண்டும் என்கின்றன அதே 2008 விதிகள். பேருந்து நிலையம் தங்களுடையது. புகார் என்னுடையது. பீடியை நசுக்கியவரைத் தள்ளுபடி செய்தால் மூன்று பேர். ஆளுக்கு அதிகபட்சம் 200 வீதம் 600 ரூபாய். சொத்து வரிக்குத் தாங்கள் எனக்கு அனுப்புவதுபோலவே கேட்பு அறிவிப்பாக இதை ஏற்று, நகராட்சி நகராட்சிக்கே செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளவும். அம்மாவின் நூறைத் திருப்பித் தர வேண்டாம். அவர் வாங்க மாட்டார்.

இப்படிக்கு,
குற்றவாளியின் மகன்

குறிப்பு: இக்கடிதத்தைத் தங்கள் அலுவலகத் தபால் பிரிவில் நேரில் கொடுக்க வந்தேன். மாடிப்படியில் புகையார் எனக்கு முன்பே வரிசையில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாக நகர்ந்து, என் சட்டைப் பைக்குள் இடம் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனதும் அம்மா இருமத் தொடங்கிவிட்டார்.