அறுபது மில்லியும் ஐந்து சதவீத வேஸ்டேஜும்

எங்கள் ஊரில் குடிக்கிறவர்கள் உண்டு, குடிக்காதவர்கள் உண்டு, போன வாரத்தோடு நிறுத்திவிட்டவர்களும் உண்டு. அளந்து ஊற்றி, குலுக்கி, வடிகட்டி, விளிம்பில் ஆரஞ்சுச் சுளை செருகி, வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுக் குடிக்கிறவன் அவிநாசி எல்லைக்குள் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இதைப் பெருமையாகச் சொல்கிறாயா என்றால், ஆமாம், பெருமையாகத்தான் சொல்கிறேன். வீட்டில் வேறு யாரும் சொல்வதில்லை. நானாவது சொல்லிக்கொள்ள வேண்டாமா?

பனியன் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கத் திட்டையும் வாங்கிக்கொள்கிற ஆளுக்குத் திருப்பூர் வட்டாரத்தில் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது. சனிக்கிழமை சம்பளம் போட்டதும் எங்கள் பக்கம் எப்படிக் குடிக்கிறார்கள் என்பதை நான் வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறேன். 180 மில்லி குவார்ட்டர், ஒரு பிளாஸ்டிக் டம்ளர், ஒரு தண்ணீர் பாட்டில். இரண்டே மடக்கு. பேதி மருந்து குடித்த குழந்தைபோல முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஒரு விரல் ஊறுகாய். காசு கொடுத்து வாங்கிய பண்டத்தை இத்தனை வெறுப்போடு விழுங்குகிற கூட்டம் உலகத்தில் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம். இவர்களுக்கு ரசனையைக் கற்றுத்தர ஒருவன் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அந்த ஒருவன் நான்தான் என்றும் கூடவே தோன்றியதுதான் வினை.

முதலில் படித்தேன். நமக்கு எதையும் படித்துவிட்டுத்தான் கெடுத்துக்கொள்ளத் தெரியும். காக்டெயில் என்றால் என்னவென்று ஒரு வாசகர் கேட்டதற்கு 1806-இல் அமெரிக்காவின் ஹட்சன் நகரத்துப் பத்திரிகை ஒன்று பதில் எழுதியிருக்கிறது: ஏதாவதொரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், கொஞ்சம் கசப்பு. அவ்வளவுதான். 1862-இல் ஜெர்ரி தாமஸ் என்கிற மது கலக்குநர் இதற்கென்று ஒரு புத்தகமே போட்டுவிட்டார். படிக்கப் படிக்க ஒரு விஷயம் விளங்கியது. காக்டெயில்காரர்கள் சொல்கிற ஜின், வெர்மூத், டெக்கீலா எதுவும் எங்கள் பக்கத்துக் கடையின் கம்பி வலைக்குப் பின்னால் கிடையாது. அங்கே இருப்பது பிராந்தி. பிராந்தி தீர்ந்தால் வேறு பிராந்தி. தென்னிந்தியாவே பிராந்தி நாடு. அதிலும் எங்கள் ஆட்கள் சளிக்கும் அதையே, சந்தோஷத்துக்கும் அதையே கேட்பவர்கள்.

நல்லவேளை, பிராந்திக்கென்றும் வெளிநாட்டில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. பெயர் சைட்கார். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் பாரிஸிலும் லண்டனிலும் பிரபலமானது. பிராந்தி, ஆரஞ்சு மது, எலுமிச்சைச் சாறு. ஆரஞ்சு மதுவுக்கு நான் எங்கே போவேன்? கமலா ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரைப் பாகில் போட்டு ஊறவைத்தேன். வெள்ளைச் சதையைச் சுரண்டி எறிந்துவிட வேண்டும், இல்லையென்றால் கசக்கும். இது எனக்குத் தெரியும். ஆனால் மூல இலக்கணமே கசப்பைக் கேட்கிறதே என்று அதை விட்டுவைத்தேன்.

கசப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கோஸ்டுரா என்று ஒரு கசப்புச் சொட்டு மருந்து உண்டு. வெனிசுலாவில் பொலிவாரின் படைக்கு வைத்தியம் பார்த்த ஜெர்மன் டாக்டர் சீகெர்ட் என்பவர் வயிற்றுக் கோளாறுக்காக 1824-இல் செய்தது. சின்னப் பாட்டில், பெரிய விலை. என் வீட்டில்தான் டெங்குக் காலத்தில் வாங்கி மிஞ்சிய நிலவேம்புப் பொடி இருக்கிறதே என்று அதை இறக்கினேன். ஒரு சிட்டிகைதான். அந்தக் கோப்பையின் கடைசிச் சொட்டு வரை என் நாக்கு டெங்குக் காய்ச்சலை நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையில் கசப்புக்காக நாம் வெனிசுலா வரை போக வேண்டியதே இல்லை. ஜின்னில் ஊற்றுகிற டானிக் தண்ணீரின் கசப்பு கொயினா. அந்த சின்கோனா மரத்தை வெள்ளைக்காரர்கள் 1860-களில் நம் நீலகிரியில் நட்டார்கள். நடுவட்டத்தில் கொயினா ஃபேக்டரியே நடந்தது. வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. மலேரியாவுக்குப் பயந்து கசப்பைக் குடித்தவன், கசப்புக்குப் பயந்து ஜின்னைச் சேர்த்தான். குடிப்பதற்குக் காரணம் தேடுவதில் துரைமார்களும் எங்கள் சளிக்காரர்களும் ஒரே ஜாதி.

இனி கருவிகள். கம்பெனியில் கழித்துக்கட்டிய ஜிஎஸ்எம் தராசு ஒன்றை நான் விலைக்கு வாங்கி வைத்திருக்கிறேன். துணியில் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, எடை போட்டு, நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை அது பொய் சொல்லாது. அதில் சர்க்கரை நிறுத்து, அதே எடைக்குத் தண்ணீர் ஊற்றிப் பாகு காய்ச்சுவேன். லேபிலிருந்து பிஹெச் காகிதம் கொஞ்சம். ஷேடு பார்க்க, வெளிநாட்டுக் கடைகளில் எரிகிற மாதிரி ஒரு ட்யூப்லைட்டை வாங்கிச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே மாட்டினேன். அந்த வெளிச்சத்தில் சைட்கார் அச்சாகத் தேன் நிறம். ஆனால் அதே வெளிச்சத்தில் சாம்பாரும் ரசமும் வேறு ஏதோ நாட்டுச் சாப்பாடாகத் தெரிந்ததால், அப்பா தட்டை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.

என் கைவரிசையில் எல்லாரும் ஒப்புக்கொண்டது சங்குப்பூ ஒன்றுதான். காம்பவுண்டுச் சுவரில் தானாகப் படர்ந்த கொடி. பூவை வெந்நீரில் போட்டால் நல்ல நீலம் இறங்கும். எலுமிச்சை பிழிந்த நொடியில் ஊதா. சாயப்பட்டறையில் பிஹெச் மாறினால் ஷேடு போச்சு என்று நாங்கள் தலையில் கை வைப்போம். இங்கே அதே பிஹெச் மாறியதற்குக் குழந்தைகள் கை தட்டினார்கள். நான் அதில் பிராந்தி சேர்த்துப் பார்த்தபோது சாக்கடை நிறம் வந்தது. ஆகவே அது சோடாவோடு நின்றுவிட்டது. சித்திரைத் தேருக்கு வந்த சொந்தக்காரர்கள் நீர்மோர்ப் பந்தலில் ஒரு டம்ளர், பானகம் ஒரு டம்ளர் என்று குடித்துவிட்டு வந்தும், இதையும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

ஐஸ் விஷயத்தில் எனக்கும் ஊருக்கும் ஒத்துவரவில்லை. போர்த் தண்ணீரில் ஐஸ் வைத்தால் நடுவில் சுண்ணாம்பு பூத்தது மாதிரி வெள்ளையாக நிற்கும். கரைந்தால் உப்புக் கரிக்கும். கண்ணாடி மாதிரி ஐஸ் வேண்டுமென்று நல்ல தண்ணீரை இரண்டு தரம் காய்ச்சி ஆறவைத்தேன். வீட்டுக்காரி வாசலில் இருந்தே கேட்டாள்: “ஏனுங்க, குடிக்கிற தண்ணியவா இப்படிக் காச்சிக் காச்சிச் சுண்ட வெக்கறீங்க?”

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் என்று தாத்தா காலத்தில் பேச ஆரம்பித்தது, அரை நூற்றாண்டுக்கு மேல் போராடி, 1,916 கோடி ரூபாய் செலவில், 2024 ஆகஸ்ட் 17 அன்றுதான் தொடங்கி வைக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்குக் கீழே பவானியில் இருந்து பம்ப் பண்ணி 1,045 குளம் குட்டைகளை நிரப்புகிற வேலை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் தண்ணீரைக் காய்ச்சிக் கட்டியாக்கி, பிராந்தியில் போட்டுத் திரும்பத் தண்ணீராக்குவதைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும்.

என் வீட்டுக்காரியும் பனியன் கம்பெனிக் கணக்குப் பிரிவில் இருந்தவள்தான். அதனால் நான் நீட்டுகிற கோப்பையை அவள் சாம்பிளாகத்தான் பார்ப்பாள். சாம்பிள் பார்க்கிற பையருக்கு உள்ள அத்தனை குணமும் அவளுக்கு உண்டு. ஒரு சொட்டு நாக்கில் வைப்பாள். உடனே கமெண்ட்ஸ் வரும். “புளிப்பு அஞ்சு சதவீதம் கொறைக்கோணும். ஷேடு ஓகே. ஓரத்துல பழம் எதுக்கு? ஆக்சசரீஸ் செலவு.” திருத்திக் கொண்டுபோனால், “மொதல்ல குடுத்ததே பரவால்லைங்க” என்பாள். பையர் இதைத்தான் இங்கிலீஷில் சொல்வார்.

ஒருநாள் நான் வாய் கொடுத்தேன். வெளியில் குடித்தால் காசு வீண், வீட்டில் என்றால் சிக்கனம் என்றேன். பேசாமல் உள்ளே போய் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்து வந்தாள். காஸ்டிங் ஷீட். பிராந்தி 60 மில்லி, 80 ரூபாய். ஆரஞ்சும் எலுமிச்சையும் 25. சர்க்கரை, ஐஸ் 5. இதுவரைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். அடுத்தது சைட் டிஷ். நாட்டுக்கே தெரிந்த பள்ளிபாளையம் சிக்கன்: அரைக் கிலோ கறி 130, சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய், தேங்காய்ப் பல், எண்ணெய், கேஸ் 60, சமைக்கிற கூலி 100, நான் பரப்பி வைத்த குலுக்கி, வடிகட்டி, அளவுக் குப்பி உட்பட பாத்திரம் கழுவ 30. ஆக 430. மேலே வேஸ்டேஜ் 5 சதவீதம். ஒரு கோப்பை 451 ரூபாய் 50 காசு.

“என்னோட கூலி எங்கே?” என்றேன்.

“அது பொழுதுபோக்குங்க. அதுக்கு நீங்கதான் எனக்குக் குடுக்கோணும்.”

“சிக்கனை எல்லாருந்தானே தின்கிறோம்?”

“கிளாஸ் எடுக்காத சனிக்கிழமை சிக்கன் கேட்டிருக்கறீங்களா?”

கேட்டதில்லை. இருபது வருஷ மெர்ச்சண்டைசிங் அனுபவத்தில் இப்படி இடுக்கு விடாத காஸ்டிங்கை நான் பார்த்ததில்லை. கடைசியாக, பாட்டிலில் முன்பெல்லாம் போட்டிருந்த எச்சரிக்கையை நினைவுபடுத்தினாள். மதுவால் நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்கிற விஷயம். நாட்டுக்கும் உயிருக்கும் நடுவில் வீட்டை நிறுத்தி எழுதிய அதிகாரி கட்டாயம் கல்யாணமானவர்.

அப்பா இந்த வழக்கில் எந்தப் பக்கமும் சேரவில்லை. விசைத்தறி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். 1937-இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் ஆரம்பித்த மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுக்க வந்தபோது அவர் சின்னப் பையன். 1971-இல் அது தளர்ந்தபோது வாலிபர். பிறகு மூடியதையும் திறந்ததையும், 1983-இல் டாஸ்மாக் வந்ததையும், 2003-இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கே போனதையும், தென்னந்தோப்பு வைத்திருப்பவன் தன் மரத்தில் கள் இறக்க 1987 முதல் முடியாமல் போனதையும் பார்த்தவர். இத்தனை அரசாங்கத்தையும் பார்த்த மனிதர் என் கோப்பையின் விளிம்பில் நிற்கிற ஆரஞ்சுச் சுளையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “பழத்த உரிச்சுத் தின்னா பத்தாதா சாமி?”

எல்லாவற்றுக்கும் உச்சம் என் மைத்துனன். வீட்டுக்காரியின் தம்பி, நிட்டிங் மெஷின் போட்டு நன்றாக இருக்கிறான். அவன்தான் நான் திருத்த நினைத்த சமுதாயத்தின் பிரதிநிதி. ஒரு சனிக்கிழமை மொட்டைமாடியில் அவனை உட்காரவைத்து, கோப்பையைக் குளிரவைத்து, பன்னிரண்டு விநாடி குலுக்கி, சல்லடையில் வடித்து, கையில் கொடுத்தேன். குலுக்கும்போது ஐஸ் கரைந்து கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர் சேர வேண்டும், அதுதான் பக்குவம் என்றும் விளக்கினேன். ஒரே மடக்கு. முகம் சுளியவில்லை. அதை என் வெற்றியாக எடுத்துக்கொண்டு அவனைப் பார்த்தேன்.

“ஜூஸ் நல்லா இருக்குதுங்க மாமா. சரக்கு எங்கீங்க?”

காட்டினேன். பாட்டிலை வாங்கி, நான் பாகு அளக்க வைத்திருந்த டம்ளரில் ஊற்றி, நான் இரண்டு தரம் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கலந்து, கண்ணை மூடிக் குடித்து, முகத்தை நன்றாகச் சுளித்துக்கொண்டு, “இப்பத்தான் குடிச்ச மாதிரி இருக்குது” என்றான். சுளிக்காமல் குடித்தால் அவனுக்குக் குடித்த கணக்கிலேயே வராது. அரைக் கிலோ சிக்கனில் முக்கால்வாசியையும் அவனே முடித்தான். கீழே இறங்கும்போது தன் அக்காவிடம், “மாமா பாவம், நல்லா ஜூஸ் போடறாரு” என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஆனது. சனிக்கிழமை ஒரு கோப்பை எனக்கு. பாத்திரம் நானே கழுவ வேண்டும். அதனால் காஸ்டிங்கில் 30 ரூபாய் குறையும். சாப்பாட்டு மேஜை மேலிருக்கிற ட்யூப்லைட் கழற்றப்படும். சொந்தக்காரர்கள் வந்தால் சங்குப்பூ மட்டும். ஐஸ் எந்தத் தண்ணீரில் வேண்டுமானாலும் வைக்கலாம், ஒரே தரம்தான் காய்ச்ச வேண்டும். ஜிஎஸ்எம் தராசு இப்போது சமையலறையில் தங்க நகை நிறுக்கப் பயன்படுகிறது. தீபாவளிச் சீட்டில் எடுத்த மோதிரம் கடைக்காரர் சொன்ன எடைக்குச் சரியாக இருக்கிறதாம்.

அவிநாசிப் பக்கம் வருகிறவர்கள் சனிக்கிழமை பொழுதோடு வீட்டுக்கு வரலாம். சைட்கார் நான் கலந்து தருகிறேன், சுளிக்காமல் குடிக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. வரும்போது நாலு எலுமிச்சம்பழம் கொண்டுவந்தால் போதும். பள்ளிபாளையம் சிக்கன் வேண்டுமென்றால் மட்டும் முன்கூட்டியே ஃபோன் பண்ணி, வீட்டுக்காரியிடம் நீங்களே கேட்டுவிடுங்கள். நான் கேட்க மாட்டேன்.