செத்த கடனுக்குத் தண்ணி தெளிக்காதேயும்

என்ன மருமவனே, போன் சிணுங்குனா முகம் சுண்டிப்போகுது? பொண்ணு பாக்கப் போன அன்னைக்குக்கூட இப்படி வேர்க்கலையே உமக்கு!

2014ல டிவி வாங்கின கடனாம். பத்தாயிரம் குட்டி போட்டு அறுபதாயிரமாம். இன்னைக்கே ஐநூறு கட்டினா பாதியாக் குறைப்பானாம். எந்தக் கம்பெனின்னு கேட்டா, "லீகல் டிபார்ட்மெண்ட் சார்"ங்கான். அது அவன் ஊரா, பேரா?

மொதல்ல உம்ம வாயைக் கட்டும். எதிராளி 'ம்' போட்டாப் போதும், நீரு பிள்ளைப் பேறுகாலம் வரைக்கும் கதையை அவுத்துவிடுவீரு. "வாங்கினேன் சார், கஷ்டம் சார்" எதுக்குவே? கடன் உம்மதா, உம்ம பேருள்ள வேற எவனதான்னே தெரியல. "எந்தத் தேதி, எங்க என் கையெழுத்து, எவ்வளவு கட்டியிருக்கேன், உங்களுக்கு இந்தக் கடனைக் கைமாத்தி விட்ட கடிதம் எங்க? எல்லாம் எழுத்துல அனுப்பும்"னுட்டு வச்சிரும். பாதிப்பேரு அதோட காணாமப் போயிருவான்.

வீட்டுக்கு வந்தாலும் பதறாதேயும். வங்கி அனுப்புற ஆளுன்னா அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் கையில இருக்கணும். காலை 8 மணிக்கு முன்னாலயும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் போன் அடிக்கக் கூடாது, சொந்தக்காரன்கிட்ட மானத்தை வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கு. மீறினா வங்கிக்கு எழுதும். 30 நாள்ல பதில் இல்லன்னா ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன் இருக்காரு. 14448னு போன் போட்டா வழி சொல்லுவாங்க.

இப்ப சூட்சுமத்துக்கு வாரேன். வக்கீலுங்க லிமிடேஷன்ம்பாங்க, 1963ல வந்த சட்டம். டிவிக் கடன், கார்டுக் கடன் மாதிரி ஈடில்லாத கடனுக்குத் தவணை நின்னதுல இருந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். போடலன்னா கடன் சொர்க்கத்துக்குப் போயிராது, கோர்ட்டு வாசல்தான் அடைபடும். ஆனா அந்த 3 வருஷம் முடியுமுன்ன "பாக்கி உண்டு"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, அன்னையில இருந்து புதுசா 3 வருஷம். முடிஞ்ச பெறகும் "கட்டுதேன்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா, ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவு அதைப் புது வாக்கா எடுத்துக்கிடும். அவனுக்கு ஐநூறா பெருசு? கூடவே நீட்டுவாம் பாரும் ஒரு பாரம், அதுலதான் இருக்கு மந்திரம். செத்த கடனை அவனால எழுப்ப முடியாது, உம்ம பேனாவாலதான் முடியும்.

அதுக்காகக் குறட்டை விட்டுராதேயும். தராசுப் படம் போட்ட வாட்ஸப் நோட்டீஸ் தீர்ப்பு இல்ல, சரிதான். நெசமான சம்மன் வந்தா வக்கீலைக் கூட்டிட்டு அன்னைக்கே ஓடும். போகலன்னா உம்மைக் கேக்காமலே தீர்ப்பு, எக்ஸ்பார்ட்டி டிக்ரிம்பாங்க, அதை நிறைவேத்த 12 வருஷம் அவகாசம் உண்டு அவனுக்கு. உமக்கே உள்ளுக்குள்ள உறுத்துற கடன்னா, நேரா வங்கிக்குப் போயி கணக்கு முடிச்சு, பாக்கி இல்லைன்னு எழுத்து வாங்கிட்டு வாரும். எவனோ அனுப்புற கியூஆர் கோடுக்குப் பணத்தைப் போடாதேயும்.

எங்க கிளம்புதீரு? இரும். மோட்டாருக்கு காயில் கட்டணும்னு எங்கிட்ட எட்டாயிரம் வாங்கினீரே, வார புரட்டாசிக்கு 3 வருஷம் முடியுது. ஒண்ணும் அவசரமில்ல, மெதுவாக் குடும். இந்தச் சீட்டுல "மாமாவுக்கு எட்டாயிரம் பாக்கி"ன்னு எழுதி, கீழ ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போரும்.

ஏன்வே பேனாவைப் பாத்து முழிக்கீரு?