ஐந்து படிகளைக் காணவில்லை: ஒரு மனு

பெறுநர்:
எங்கள் தெருவுக்குச் சாலை போடும் உயர்திரு அதிகாரி அவர்கள்

ஐயா,

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே முளைத்த நகர்களில் ஒன்றில் குடியிருக்கிறேன். எந்த நகர் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் மனுவின்மேல் நடவடிக்கை என்று இன்னொரு சாலை போட்டுவிடுவீர்கள்.

அப்பா 1988-இல் வீடு கட்டியபோது வாசலுக்கு ஐந்து படி வைத்தார். படி ஒன்று அரையடி. "எதுக்குங்க இத்தனை உசரம், கோயிலா கட்டறீங்க?" என்றாராம் கொத்தனார். முதல் தார்ச்சாலை வந்தபோது ஒரு படி போயிற்று. அதற்குத் தெருவே தேங்காய் உடைத்தது. அடுத்தடுத்து ஜல்லியும் தாரும் கொட்டக் கொட்ட, முழங்கால் வலியோடிருந்த அம்மாவுக்கு ஏறுகிற சிரமம் குறைந்துகொண்டே வந்தது. ஐந்தாவது படி மறைந்த அன்று வீடும் ரோடும் ஒரே மட்டம். இப்போது ரோட்டிலிருந்து இரண்டு படி இறங்கினால் எங்கள் ஹால். (அந்த இரண்டு படியையும் நாங்களே கட்டிக்கொண்டோம். அனுமதி வாங்கவில்லை, பொறுத்தருள வேண்டும்.)

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அந்தச் செய்தியை வெட்டி அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். அதன் பிறகும் எங்களுக்கு ஒரு சாலை வந்தது. சுரண்டல் நடக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தாரைத்தான் யாரும் தொடவில்லை.

சேர்வராயன் மலையில் பெய்கிற மழை திருமணிமுத்தாற்றில் இறங்கி, சேலத்துச் சாக்கடையையும் சாயத்தையும் சுமந்துகொண்டு, நாமக்கல் மாவட்டத்தின் வழியாக வந்து நஞ்சை இடையாற்றில் காவிரியைச் சேர்கிறது. எங்கள் தெருத் தண்ணீருக்கு அந்த அலைச்சலே இல்லை. நேராக ஹால், அங்கிருந்து அடுப்படி. போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, அரிசி மூட்டையைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு நாங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். கிரைண்டர் மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் விவரமானவர். வடக்கிலிருந்து ஆட்களை வரவழைத்து, சுவருக்கடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து, வீட்டையே நாலடி தூக்கிவிட்டார். லாரிக்கு டயர் மாற்றத்தான் ஜாக்கி என்று நம்பியிருந்த நாமக்கல் சீமையில், ஒரு வாரம் அதை வேடிக்கை பார்க்கவே கூட்டம் கூடியது. அந்த வீட்டு அக்கா முன்பெல்லாம் மதில்மேல் கை நீட்டிக் குழம்புக் கிண்ணம் கொடுப்பார். இப்போது குனிந்து கொடுக்கிறார், நான் அண்ணாந்து வாங்குகிறேன். அவர் வாசலில் நில்லாத தண்ணீரும் எங்கள் வீட்டுக்கே வருகிறது. ஆனாலும் எனக்குப் பொறாமை இல்லை. நாலடிதானே? உங்கள் ரோலரின்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

எனக்கு வேறொரு லாபமும் தெரிகிறது. மற்றவர்கள் திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்து, ஆயிரம் அடி போட்டும் புகையைத்தான் பார்க்கிறார்கள். நான் செலவில்லாமல், குடும்பத்தோடு, நிலத்தடி நீரை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது: எங்கள் தரைத்தளத்தைக் கிணறு என்று பதிவேட்டில் திருத்தி, வீட்டு வரியிலிருந்து விலக்குத் தர வேண்டும். ஜன்னல் வழியாக இனி செருப்புகள் மட்டுமே தெரிவதால், அளக்க வரும் உங்கள் ஊழியர் நல்ல செருப்பாகப் போட்டு வந்தால் அடையாளம் கண்டு கதவைத் திறக்க வசதியாக இருக்கும். வரி பாக்கிக்கு நோட்டீஸ் கொடுப்பதானால் அந்தச் சிரமமும் வேண்டாம். ரோட்டில் நின்றபடி கைவிட்டாலே போதும், ஹாலில் வந்து விழும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
வரி செலுத்துபவன்