எனக்கு நல்லாத்தான் வருது

கும்பகோணத்தில் என் சித்தப்பாவுக்கு ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. அதற்கு ஒரு வெப்சைட்டும் உண்டு. அதைப் பார்த்துக்கொள்ளும் சம்பளமில்லாத வெப்மாஸ்டர் நான். போன ஆடியில், முகூர்த்தமில்லாத மாதம்தானே, யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியத்தில் சைட்டை வேறு சர்வருக்கு மாற்றினேன். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியில்தான் மண்டபம் தேடுவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"சித்தப்பா, சர்வரை மாத்தியாச்சு" என்று போன் செய்தேன்.

"ஏன், பந்தியில ஏதாவது தகராறா?" என்றார்.

1964-இல் 'சர்வர் சுந்தரம்' பார்த்த தலைமுறை. சர்வர் என்றால் அவருக்கு நாகேஷ்தான். இது வேறு சர்வர் என்று விளக்கி முடிப்பதற்குள் என் காபி ஆறிவிட்டது.

மாற்றும்போதே வாடகையையும் திருத்தியிருந்தேன். 45,000 ரூபாய், 60,000 ஆகியிருந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு சித்தப்பா அழைத்தார். "பொண்ணு வீட்டுக்காரங்க வந்து உக்காந்திருக்காங்கடா. செல்லுல நாப்பத்தஞ்சுன்னு காட்டுறாங்க. நான் பாத்தாலும் அதான் வருது."

என் கம்ப்யூட்டரில் பார்த்தேன். 60,000. புதுப் படங்களோடு பளிச்சென்று இருந்தது. எங்கள் ஆட்களுக்கென்று ஒரு மந்திரம் உண்டு. அதைச் சொன்னேன்: "எனக்கு நல்லாத்தான் வருது. கேஷ் க்ளியர் பண்ணச் சொல்லுங்க."

"அட்வான்ஸே இன்னும் தரல. எந்தக் கேஷை க்ளியர் பண்றது?"

ஒருமுறை பார்த்த பக்கத்தை பிரவுசர் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அதையே நீட்டும்; அந்தக் கேஷ் வேறு என்றேன். கன்ட்ரோலோடு எஃப்5 அமுக்கச் சொன்னேன்; செல்போனில் அந்த பட்டன் எங்கே என்று தேடினார்கள். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். சிசிடிவியும் சேர்ந்து போய்விட்டது. இன்காக்னிட்டோவில் பார்க்கச் சொன்னேன். பழைய வாடகை ரகசியமாகத் தெரிந்தது.

அடுத்து டிஎன்எஸ் மீது பழியைப் போட்டேன். சைட்டின் பெயரைச் சொன்னால் சர்வரின் எண்முகவரியைச் சொல்லும் ஏற்பாடு அது. தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் மாதிரி, ஒருமுறை விசாரித்த முகவரியைச் சீட்டில் குறித்துவைத்து, கேட்பவர்களுக்கெல்லாம் அதையே சொல்லும். சீட்டு எத்தனை நேரம் செல்லும் என்பதை நாம்தான் எழுதிவைக்க வேண்டும். எங்கள் சீட்டில் 86,400 விநாடி, அதாவது முழுசாக ஒரு நாள். வீடு மாற்றுவதற்கு முன்பே அதை 300 விநாடியாகக் குறைத்திருக்க வேண்டும். குறைக்கவில்லை. அதைச் சொல்லாமல், "24 மணி நேரம் ஆகும் சித்தப்பா, உலகம் முழுக்க இப்படித்தான்" என்றேன்.

24 ஆயிற்று, 48-உம் ஆயிற்று. மேஸ்திரி சொல்லும் 'நாளைக்கு' மாதிரி ஆகிவிட்டது என் கெடு.

மூன்றாம் நாள்தான் உட்கார்ந்து ஒழுங்காகப் பார்த்தேன். 'பிங்' கட்டளை புது முகவரியைக் காட்டியது. 'என்எஸ்லுக்கப்' பழைய முகவரியைக் காட்டியது. ஒரே கம்ப்யூட்டர், ஒரே பெயர், இரண்டு பதில். வயிற்றில் ஏதோ செய்தது.

1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்-ஐ வடிவமைப்பதற்கு முன், வலையில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயரும் முகவரியும் ஒரே ஃபைலில் இருந்தன. அந்தக் காலத்து மிச்சமாக ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இன்றைக்கும் 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு ஃபைல் உண்டு. அதில் எழுதியிருந்தால் கம்ப்யூட்டர் வேறு யாரிடமும் முகவரி கேட்காது. என்எஸ்லுக்கப் மட்டும் அதைச் சட்டைசெய்யாமல் நேராக டிஎன்எஸ்-இடமே போய்க் கேட்கும். புது சர்வரைச் சோதிப்பதற்காக, மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பு அந்த ஃபைலில் நானே இரண்டு வரி எழுதியிருந்தேன். எழுதியதை மறந்தும் போயிருந்தேன். "எனக்கு நல்லாத்தான் வருது" என்பது சத்தியமான வார்த்தை. எனக்கு மட்டும்தான் வந்தது.

டிஎன்எஸ்-இல் செய்த கோளாறு இன்னும் எளிமையானது. வெறும் பெயருக்குத்தான் முகவரி மாற்றியிருந்தேன். முன்னால் 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' சேர்த்த பெயர் தனி வரியில் பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருந்தது. அந்த சர்வருக்கு மாதக் கடைசிவரை பணம் கட்டியிருந்ததால் அதுவும் விசுவாசமாக 45,000 என்று சொல்லிக்கொண்டிருந்தது. என் செல்போனில் நான் டபிள்யூ போடுவதில்லை. சித்தப்பாவுக்கோ அது இல்லாமல் எழுதுவது பிள்ளையார் சுழி போடாமல் கணக்கு எழுதுவது மாதிரி. மண்டபத்து போர்டு, விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் மூன்று டபிள்யூவும் தங்க எழுத்தில் இருக்கின்றன.

ஒரு வரியைத் திருத்த ஒரு நிமிஷம் ஆயிற்று. பழைய சீட்டுகள் காலாவதியாக இன்னொரு நாள்.

அதற்குள் மூன்று குடும்பம் ஸ்க்ரீன்ஷாட்டோடு வந்திருந்தார்கள். சித்தப்பா பேச்சு மாறாமல் மூவருக்கும் பழைய வாடகைக்கே கொடுத்தார். ஆளுக்கு 15,000 வீதம் மொத்த நஷ்டம் 45,000 ரூபாய். அதை என் வெப்மாஸ்டர் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.