ஜானகிக்கு ஓர் இனிஷியல்

நம்மைப் பாதுகாக்கிறார்கள். யாரிடமிருந்து? ஜானகியிடமிருந்து.

2025 ஜூன். கேரளத்தில் ஒரு படம் ரிலீஸுக்குத் தயாராக நின்றது. பெயர் 'ஜானகி வெர்சஸ் ஸ்டேட் ஆஃப் கேரளா'. பாலியல் கொடுமைக்கு ஆளான பெண் கோர்ட்டுப் படி ஏறும் கதை. தணிக்கை வாரியம் மறித்தது. கதையில் அல்ல, பெயரில்தான் பிரச்சினை. ஜானகி என்றால் சீதையாம். அந்தப் பெயருள்ள பெண்ணுக்கு இப்படி ஒரு கொடுமை நடப்பதாகக் காட்டலாமா? கூண்டில் நிறுத்திக் கண்டபடி கேள்வி கேட்கலாமா? வாரியத்துக்கு மனசு கேட்கவில்லை.

அதே பெயரோடு நிஜ கோர்ட்டு வாசலில் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும் ஜானகிகளைப் பற்றி வாரியத்துக்குக் கருத்து ஒன்றும் இல்லை. அது வேறு இலாகா.

படத்தின் நாயகன் சுரேஷ் கோபி. மத்திய இணையமைச்சர். மத்திய அமைச்சர் நடித்த படத்தை மத்திய அரசின் வாரியமே நிறுத்தி வைக்கிறது. வழக்கு கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போகிறது. கட்டுக் கட்டாக வழக்குகள் தேங்கிக் கிடக்கும் நாட்டில் ஒரு நீதிபதி தன் சனிக்கிழமையைச் செலவழித்து, ஸ்டூடியோவுக்குப் போய் முழுப் படத்தையும் பார்க்கிறார். 96 வெட்டில் தொடங்கிய பேரம் இரண்டில் வந்து படிந்தது. எங்கள் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டு மிளகு வியாபாரிகூட இந்த அளவுக்கு இறங்கமாட்டார். தலைப்பில் ஜானகிக்குப் பின்னால் ஒரு 'வி' சேர்க்க வேண்டும். கோர்ட்டுக் காட்சியில் பெயர் வருகிற இடத்தில் சத்தத்தை அடைக்க வேண்டும். அவ்வளவுதான். ஜூலை 17 படம் வந்தது. ஒற்றை எழுத்தில் தர்மம் பிழைத்தது.

அதே ஆண்டு 'ஹால்' வந்தது. அதில் பீஃப் பிரியாணி தின்கிற காட்சி வாரியத்தின் வயிற்றைக் கலக்கியது. நீக்கச் சொன்னார்கள். மறுபடி உயர்நீதிமன்றம். மறுபடி ஒரு நீதிபதி படம் பார்த்தார். கேரளத்தில் நீதிபதிகள்தான் இப்போது முதல் நாள் முதல் ஷோ. நான் இருப்பது கொச்சி மட்டாஞ்சேரியில். இங்கே சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் பிரியாணி மணம் வீட்டுக்குள் வரும். தணிக்கைச் சான்றிதழ் கேட்டுவிட்டு வருவதில்லை.

'எம்புரான்' கதை இன்னும் ருசி. வாரியமே பார்த்து, சான்றிதழ் கொடுத்து, அதே ஆண்டு மார்ச் 27 முதல் தியேட்டரில் ஓடிய படம். குஜராத் கலவரத்தைத் தொட்டது. சத்தம் கிளம்பியது. தயாரிப்பாளர்கள் 'தாங்களாகவே முன்வந்து' 24 இடங்களில் வெட்டினார்கள். வில்லனின் பெயரைக்கூட மாற்றினார்கள். சில நாட்களில் தயாரிப்பாளர்களில் ஒருவரின் அலுவலகங்களில் அமலாக்கத் துறை நுழைந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. நம்புங்கள். சீரியல் பார்க்கிற ஜனங்கள்தானே நாம், எதையும் நம்புவோம்.

சீரியலுக்கு வருவோம். என் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் அம்மா, தமிழ். அந்தப் பக்கம் நாங்கள் 'இத்தா' என்று கூப்பிடும் அக்கா, மலையாளம். முன்பு அம்மா பார்த்தது 'பாக்கியலட்சுமி', இத்தா பார்த்தது 'குடும்பவிளக்கு'. இரண்டும் 'ஸ்ரீமோயி' என்கிற வங்காளத் தொடரின் பிள்ளைகள். சமையலறையில் தேய்கிற மனைவி, ஆபீசில் வேறொருத்தியைப் பிடிக்கும் புருஷன். தமிழில் அவன் கோபி, மலையாளத்தில் சித்தார்த். மலையாளம் அரை வருஷம் முந்தித் தொடங்கியது. அதனால் கோபி எப்போது மாட்டுவான் என்று இத்தாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. “உங்க ஆளும் மாட்டப்போறான், பாத்துக்கோங்க” என்று கொடியில் துணி காயப்போடும்போதே அம்மாவுக்கு எச்சரிக்கை வந்துவிட்டது. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' தொடரில் அம்மா சீனியர். அது மலையாளத்துக்கு 'சாந்த்வன'மாகப் போனது இரண்டு வருஷம் கழித்துத்தான். அப்போது இத்தா அம்மாவிடம் கதை கேட்டார். இரண்டு சேனல்களும் ஒரே முதலாளியுடையவை. ஒரே கண்ணீரை இரண்டு மொழியில் விற்று இரண்டு முறை காசு பார்க்கிறார்கள். தேசிய ஒருமைப்பாடு என்பது இதுதான் போலிருக்கிறது.

இதற்குத் தணிக்கை உண்டா? கிடையாது. சீரியல் எதுவும் தணிக்கை வாரியத்தின் படி ஏறவே வேண்டாம். பாயசத்தில் விஷம், மாடிப்படியில் எண்ணெய், கர்ப்பிணி மருமகளைக் கவிழ்க்கச் சதி. எல்லாம் சோறு தின்கிற நேரத்தில், குழந்தைகள் பக்கத்தில் இருக்க, வாரம் ஆறு நாள். தினம் அறை வாங்குகிறவளுக்கும் சாமி பெயர்தான். லட்சுமி அழலாம், துர்கா அடி வாங்கலாம், கேட்க நாதியில்லை. தியேட்டரில் வந்த ஜானகிதான் நாட்டுக்கு ஆபத்து.

2021-இல் கேரள அரசின் டெலிவிஷன் விருதுக் குழு உட்கார்ந்தது. சிறந்த சீரியல் என்று சொல்ல ஒன்றுகூட இல்லை என்று விருதையே கொடுக்காமல் எழுந்துவிட்டது. அரசு விருதுகளின் வரலாற்றில் நான் கைதட்டிய ஒரே முடிவு. 2024-இல் மாநில மகளிர் ஆணையம், மெகா சீரியல் வேண்டாம், 20, 30 எபிசோடோடு நிறுத்துங்கள் என்று பரிந்துரைத்தது. நம் 'கோலங்கள்' 1,500-ஐத் தாண்டி ஓடியது. 30 எபிசோடில் அதன் நாயகி அபி பேருந்து நிலையத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கமாட்டாள். பரிந்துரை எங்கே? பரிந்துரைகள் போகிற இடத்துக்கு.

அடுத்தது 'மார்கோ'. இந்தியாவிலேயே மிக அதிக வன்முறைப் படம் என்று பெருமையாக விளம்பரம் செய்து வந்தது. 'ஏ' சான்றிதழ். டிவியில் போட அனுமதி கேட்டார்கள், வாரியம் மறுத்தது. சரி, ஒருமுறையாவது பொறுப்பாக நடந்தார்கள் என்று எழுந்து நின்று பாராட்டலாம். ஆனால் அதற்குள் படம் 2025 பிப்ரவரி 14 அன்றே ஓடிடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. காதலர் தினப் பரிசு. ஹாலில் தாத்தா பாட்டியோடு பார்த்தால் குழந்தை கெட்டுவிடும். போர்வைக்குள் தனியாக போனில் பார்த்தால் கெடாது. அதே ஓடிடியில் ஒருவன் பீடி பற்ற வைத்தால் போதும், திரையில் எச்சரிக்கை வரும். 2023 செப்டம்பர் 1 முதல் சட்டம். கழுத்தை அறுக்கலாம். புகைவிட்டபடி அறுத்தால்தான் உடம்புக்குக் கேடு.

மனம் புண்படுகிறது, புண்படுகிறது என்கிறார்களே, எங்கள் மனம் யாருக்காவது கணக்கா? 2007-இல் 'பிக் பி', 'சோட்டா மும்பை' படங்களோடு ஆரம்பித்தது. மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி என்றால் கத்தி, கொட்டேஷன் கூலிப்படை, குண்டா. எங்கள் சந்தில் கேமரா வைத்தால் யாராவது ஓடவேண்டும், யாராவது துரத்தவேண்டும். 'பறவ' வந்து, இங்கே புறா வளர்க்கும் பையன்களும் உண்டு என்று காட்ட 2017 ஆயிற்று. மலையாளப் படத்தில் தமிழன் என்றால் 'பாண்டி'. தமிழ்ப் படத்தில் மலையாளி என்றால் டீக்கடை நாயர். மட்டாஞ்சேரித் தமிழனுக்கு இரண்டு பக்கமும் உதை. வழக்குப் போட்டோமா? பேனரைக் கிழித்தோமா? சாப்பிட்டுவிட்டுத் தூங்கினோம்.

இந்த ஊரில் நிஜமாகவே ஒரு கதை நடந்தது. துறைமுகத்தில் 'சாப்பா' என்று ஒரு முறை. காலையில் கங்காணி உலோக டோக்கன்களைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். பாய்ந்து பிடித்தவனுக்கு அன்று வேலை. பிடிக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. டோக்கனுக்காக ஒருவனை ஒருவன் மிதித்தார்கள். அதை எதிர்த்து நின்ற தொழிலாளர்கள்மேல் 1953 செப்டம்பரில் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. ராஜீவ் ரவி அதை 'துறமுகம்' என்று எடுத்தார். பல முறை தேதி தள்ளி 2023 மார்ச்சில்தான் வெளியே வந்தது. அந்தப் படத்துக்காக யாரும் தெருவில் இறங்கவில்லை. செத்தவர்கள் சுமைத் தொழிலாளர்கள். அவர்களுக்காகப் புண்பட இங்கே ஆள் கிடையாது.

கடைசியாகக் காசு விஷயம். சாமியைக் காப்பாற்றுகிறவர்கள் சந்தா கட்டுகிறவனைக் காப்பாற்றுவதில்லை. பணம் கட்டு, விளம்பரம் இல்லாமல் பார் என்று கூப்பிட்டார்கள். கட்டினோம். 2025 ஜூன் 17 முதல் அமேசான் பிரைமில் விளம்பரம் வந்தது. வேண்டாமா? வருஷத்துக்கு இன்னொரு 699 ரூபாய். டிவியிலோ கேட்கவே வேண்டாம். வில்லி கையை ஓங்குவாள். அடி விழுவதற்குள் நான் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்துவிடலாம்.

ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் டிவி விதியிலேயே இருக்கிறது. ஜானகிக்காக 96 இடம் எண்ணத் தெரிந்த அரசுக்கு 12 எண்ண வரவில்லை. நாமே எண்ணுவோம். இன்று ராத்திரி கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். மீறினால் தேதி, நேரம், நிமிடக் கணக்கு போட்டு அந்தச் சேனலின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2021 ஜூன் விதிப்படி 24 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், 15 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் மேல்முறையீடும் உண்டு.