கத்தியின் பூர்வீகம்

அந்தக் கால லண்டன் கனவான்களின் வழவழ கன்னத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?
*– வாசகர், சுபாங் ஜெயா*

கன்னம் அவர்களுடையது, எஃகுக்கான தூண்டுதல் நம்முடையது! தென்னிந்தியக் கொல்லர்கள் மண்மூசையில் வடித்த உருக்கைத்தான் அவர்கள் ‘ஊட்ஸ்’ என்றார்கள். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதைப் பற்றி ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் விஞ்ஞானி ஃபாரடேயும் அதன் ரகசியம் தேடப்போய், புது எஃகுக் கலவைகள் செய்தார்கள். அந்தப் புது எஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசளித்தார். நம் கொல்லர்களின் பெயர்கள் மட்டும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

சவரம் செய்யக்கூடப் புத்தகம் எழுதினார்களா?
*– வாசகி, கிள்ளான்*

எழுதினார்கள். 1769இல் பாரிஸ் கத்திக்காரர் ழான் ழாக் பெர்ரே, தானே சவரம் செய்துகொள்வது எப்படி என்று ஒரு நூலே போட்டார். தச்சரின் இழைப்புளியைப் போல, கத்திக்கு மரக்காப்பும் மாட்டினார். பலகைக்குக் கிடைத்த பாதுகாப்பு, பாவம், கன்னத்துக்கும் கிடைக்கட்டும் என்றுதான்!

வீட்டில் ரேசர் இருந்தும் என் அப்பா பிரிக்பீல்ட்ஸ் முடிதிருத்தும் கடைக்கே போகிறாரே?
*– வாசகர், சுபாங் ஜெயா*

ரேசர் பேசுமா? புதுப் பிளேடு மாட்டிய மடக்குக்கத்தி, ஈரப் படிகாரம், கடைசியில் தலையில் தாளம் போடும் இரண்டு கை. இதெல்லாம் குளியலறையில் ஏது? கண்ணை மூடிக் கழுத்தை நீட்டுகிறோமே, அந்த நம்பிக்கையைச் சம்பாதித்த தொழில் அது. கூலியோடு மரியாதையும் கொடுப்போம்.